எழுத்தை எண்ணத் தெரியாத வலைத்தளங்கள்

"தமிழ்" என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று தொடக்கப் பள்ளி மாணவரிடம் கேட்டால், மூன்று என்பார். ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' பண்பிடம் கேட்டால், ஐந்து என்னும். இரண்டும் அவரவர் கணக்கில் சரியே. மாணவர் எண்ணுவது த, மி, ழ் என்னும் எழுத்துகளை. கணினி எண்ணுவது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்னும் குறியீட்டு அலகுகளை. இந்த இரண்டாம் கணக்கையே எழுத்தின் கணக்கு என்று நம்பி, இந்தியாவின் வலைத்தள நிரலாளர்கள் அன்றாடம் நிரல் எழுதி வருவதுதான் சிக்கல்.

வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழ் இலக்கண மரபில் 12 உயிரும் 18 மெய்யும் முதலெழுத்துகள். க் என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்து க ஆகிறது. 1991-இல் வெளிவந்த யூனிகோடு, இந்திய மொழிகளுக்கென 1988-இல் வகுக்கப்பட்ட இஸ்கி குறியீட்டின் அமைப்பைப் பின்பற்றியது. அதில் அகரமேறிய க-வே அடிப்படை. அதன்மேல் புள்ளி சேர்ந்தால்தான் க் பிறக்கும். இலக்கணத்தின் கூட்டல் கணினியில் தலைகீழானது. இதனால் மொழிக்குக் கேடு எதுவும் நேர்ந்துவிடவில்லை. ஆனால் அலகும் எழுத்தும் வெவ்வேறு என்பதை நிரலாளர் மறக்கும்போது, இழப்பு பயனரைச் சேர்கிறது.

பெயர் கேட்கும் ஒரு படிவத்தை எடுத்துக்கொள்வோம். பெட்டிக்கு 'மேக்ஸ்லெங்த்' 20 என்று வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. "பொன்னுச்சாமி கிருஷ்ணமூர்த்தி" என்னும் பெயரில் எழுத்துகள் 14, இடைவெளியோடு 15. வரம்புக்குள் எளிதில் அடங்க வேண்டிய பெயர் இது. ஆனால் எச்டிஎம்எல் எண்ணுவதும் குறியீட்டு அலகுகளையே. பெட்டி "பொன்னுச்சாமி கிருஷ்ண" என்பதோடு நின்றுவிடும். நிற்கும் இடத்தில் இருப்பதும் ஒரு முழுப்பெயர் போலவே தோன்றுவதால், பிழை யார் கண்ணிலும் படாது. தந்தையின் பெயர் மாறிய பதிவோடு அந்த மனிதர் அடுத்த அலுவலகத்துக்குச் செல்வார்.

சில படிவங்கள் அவ்வளவு தூரம்கூடப் போக விடுவதில்லை. "பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும்" என்று சிவப்பில் எச்சரிக்கின்றன. ஏ முதல் இசட் வரை மட்டுமே எழுத்து என்று ரெஜெக்ஸில் எழுதிவைத்ததன் விளைவு இது. 2018-ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் தரம் எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் 'எல்' என்னும் யூனிகோடு வகைப்பாட்டை ரெஜெக்ஸுக்குள் கொண்டுவந்தது. அதை மட்டும் பயன்படுத்தியவர்களும் பாதி வழியிலேயே நிற்கிறார்கள். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அந்த வகைப்பாட்டில் இல்லை. அவை 'எம்' என்னும் வேறு வகை. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் "மீனா" என்ற பெயர் உள்ளே நுழையும்.

தேடலில் நேர்வது இன்னும் நுட்பமானது. "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே அலகாகவும் சேமிக்கலாம். எகரக் குறி, கால் என இரண்டு அலகுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிடும் நிரலுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஒரு பட்டியலில் "கொடிமலர்" இருந்தும் தேடுபவருக்கு "பதிவு இல்லை" என்ற விடை வரக்கூடும். சேமிப்பதற்கும் ஒப்பிடுவதற்கும் முன் 'நார்மலைஸ்' என்னும் ஒரு செயல்கூற்றை அழைத்தால் இது தீரும். அகர வரிசைக்கும் தீர்வு உண்டு. இயல்பான 'சார்ட்' குறியீட்டு எண்களைப் பார்த்து அடுக்குவதால் "பழம்" முன்னும் "பவளம்" பின்னுமாக வரும். தமிழ் அகராதியிலோ வகரத்துக்குப் பின்தான் ழகரம். 'இன்டல் கொலேட்டர்' என்னும் கருவியிடம் மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால் அது அகராதியின் வரிசையில் அடுக்கித் தரும்.

எழுத்தை எண்ணுவதற்கும் கருவி இருக்கிறது. 'இன்டல் செக்மென்டர்' "தமிழ்" என்பதை மூன்றாகவே பிரிக்கும். குரோமில் 2020 முதல் உள்ளது. ஃபயர்ஃபாக்ஸும் 2024-இல் ஏற்றுக்கொண்டது. தனியாக எந்த நூலகத்தையும் நிறுவ வேண்டியதில்லை. கோமதியின் படம் இல்லாதபோது வட்டத்துக்குள் "க" என்று காட்டாமல் "கோ" என்று காட்ட, இரண்டு வரி நிரல் போதும்.

குற்றம் யூனிகோடினுடையது என்று வாதிடுவோர் உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் டேஸ்16 முறையைத் தமிழ்நாட்டு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. அந்த வாதத்துக்கு மொழியியல் நியாயமும் உண்டு. ஆனால் உலகின் உலாவிகள் இயங்குவது யூனிகோடில். குறியீட்டைப் பற்றிய விவாதம், உலாவிக்குள் ஏற்கெனவே இருக்கும் கருவிகளைப் பயன்படுத்தாமைக்குச் சாக்காகிவிடக் கூடாது. அக்கருவிகளும் நிறைவானவை அல்ல. 2023-இல் வந்த யூனிகோடு 15.1, தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றின் கூட்டெழுத்துகளைப் பிளக்காதிருக்க விதி வகுத்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே க்ஷ இன்றும் இரண்டாகவே பிரியும். இத்தகைய விளிம்புகளைச் சுட்டிக்காட்டுவது மொழியியலாளரின் பணி. நடுவில் இருக்கும் எழுத்துகளைச் சரியாகக் கையாள்வது நிரலாளரின் பணி.

"எங்கள் பயனர்கள் ஆங்கிலத்தில்தானே தட்டச்சு செய்கிறார்கள்" என்பது அடிக்கடி கேட்கும் மறுமொழி. தமிழில் எழுதிய பெயரைத் திருப்பி அனுப்பும் படிவம், தமிழில் எவரும் எழுதுவதில்லை என்பதற்குச் சான்றாக முடியாது. வாசலை அடைத்துவிட்டு, விருந்தினர் வரவில்லை என்று கணக்குச் சொல்வது போன்றது அது. இந்த இழப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. பெயரைத் தன் எழுத்தில் எழுத விரும்பும் இந்திக்காரருக்கும் மலையாளிக்கும் இதுவே நிலை.

மாற்றம் பெரிய திட்டத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இந்திய நிறுவனங்களின் சோதனைத் தரவுகளில் இன்றும் ஜான் டோ என்பவர்தான் உலவுகிறார். அவர் பெயரில் புள்ளி இல்லை, கொம்பு இல்லை, கால் இல்லை. எந்தப் பிழையையும் அவர் வெளிக்கொணர மாட்டார். அவருக்குப் பக்கத்தில் பொன்னுச்சாமி கிருஷ்ணமூர்த்தியையும் கொடிமலரையும் சேர்த்து வைத்தால், வெளியீட்டுக்கு முன்பே பாதிப் பிழைகள் தாமே தெரிந்துவிடும். தன் பெயரைத் தன் எழுத்தில் முழுமையாக எழுத முடிவதைச் சலுகையாகக் கருதக் கூடாது. படிவம் ஒன்றைக் கட்டுபவர் அதை எழுதுபவருக்குச் செய்ய வேண்டிய முதற்கடமை அதுவே.