எண்ணெயில் நீந்த விடுங்கள்

"எண்ணெய் குறைவாக விட்டால் பண்டம் எண்ணெய் குடிக்காது." ரொட்டித்தூள் பூசிக் கறி பொரிக்கச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த அறிவுரையில்தான் வந்து நிற்கிறார்கள். கூடவே இரண்டு உபதேசங்கள்: தூளை நன்றாக அழுத்தி ஒட்டு, எண்ணெய் புகையும் சூட்டில் போடு, சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும். மூன்றும் தப்பு. இந்தப் பண்டத்துக்குப் பேர்போன வியன்னாவில் மூன்றுக்கும் நேர்மாறாகத்தான் செய்கிறார்கள்.

வீனர் ஷ்னிட்செல் என்றால், கன்றுக்கறித் துண்டை 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தட்டி, மைதா, முட்டை, ரொட்டித்தூள் என்ற வரிசையில் புரட்டிப் பொரிப்பது. பன்றிக்கறியில் செய்தால் ஆஸ்திரிய உணவகம் அதை மெனுவில் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை. மாட்டுத் தொடைக்கறியும் ஆகும். மெல்லிதாகத் தட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணெய்க் கணக்குக்கு வருவோம். நானும் தோசைக்கல்லில் மூன்று கரண்டி விட்டுத்தான் தொடங்கினேன். நடுவில் கருகல், ஓரத்தில் வெள்ளை மாவு. திருப்பினால் மேலோடு கல்லோடு தங்கிவிட்டது. கொஞ்ச எண்ணெயில் குளிர்ந்த கறியைப் போட்டால் சூடு சட்டென்று இறங்கும், பொரிய நேரமாகும், அதற்குள் தூள் ஊறிப்போகும். இரண்டு விரல் உயரத்துக்காவது எண்ணெய் வேண்டும். பயப்படாதீர்கள். பொரியும் நேரம் முழுக்க உள்ளிருந்து நீராவி முட்டிக்கொண்டு வருவதால், எண்ணெய் உள்ளே நுழைவது கடினம். பெரும்பகுதி உள்ளே இறங்குவது வெளியே எடுத்த பிறகுதான். ஆறும்போது மேலோட்டில் இருக்கும் ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. ஆகவே சிக்கனத்தை வாணலியில் காட்டாமல், எடுத்த சூட்டோடு இரு பக்கமும் தாளால் ஒற்றி எடுப்பதில் காட்டுங்கள்.

அழுத்தும் பழக்கம் கட்லெட் செய்த கைக்கு வந்தது. அங்கே அது சரி. மசித்த உருளைக்கிழங்கு உதிராமல் பிடிக்க வேண்டும். ஷ்னிட்செலின் அழகோ, மேலோடு கறியை விட்டு எழும்பி அலையலையாக உப்பி நிற்பதில் இருக்கிறது. கறியின் ஈரம் ஆவியாகி முட்டைப் படலத்தைத் தூக்க வேண்டும். அழுத்திய தூள் அதற்கு இடம் கொடுக்காது. மெதுவாகப் புரட்டி, மிச்சத்தை உதறிவிட்டு, உடனே எண்ணெயில் இறக்குங்கள். வாணலியை லேசாக அசைத்துக்கொண்டே, மேலே எண்ணெயைக் கரண்டியால் அள்ளி விடுங்கள். பூரி சுட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பூசிய கறியை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்பவர்களும் உண்டு. ஷ்னிட்செலுக்கு அது ஆகாது. கறி நீர் விட்டுத் தூள் பசையாகிவிடும்.

சாறு பூட்டிக்கொள்ளும் கதை 19ஆம் நூற்றாண்டில் யூஸ்டஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பரப்பியது. 1930களிலேயே சோதனைகளில் பொய்த்துப்போனது. சோதனைக்கூடம்கூட வேண்டாம், அடுப்பருகே நின்று பாருங்கள். கறியைச் சுற்றிக் கொப்பளிக்கிறதே, அது எண்ணெய் கொதிப்பதா? கறியின் நீர்தான் ஆவியாகி வெளியேறுகிறது. பூட்டு விழுந்திருந்தால் கொப்பளிப்பே இருக்காது. சாறு மிஞ்ச ஒரே வழி, சீக்கிரம் எடுத்துவிடுவது. 170 டிகிரி போதும். ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டால் உடனே சலசலக்க வேண்டும், கருகக் கூடாது. பக்கத்துக்கு இரண்டு நிமிடம்.

வியன்னாவில் பன்றிக்கொழுப்பிலோ உருக்கிய வெண்ணெயிலோ பொரிப்பார்கள். பின்னது ஏறத்தாழ நம் நெய்தான். வாணலி நிறைய நெய் என்றால் எனக்கே நெஞ்சை அடைக்கிறது. கடலை எண்ணெயில் பொரித்து, முடிக்கும்போது ஒரு கரண்டி நெய் சேர்க்கிறேன், மணம் வந்துவிடும்.

தொட்டுக்கொள்ள எலுமிச்சைத் துண்டும் உருளைக்கிழங்கு சாலடும். மொறுமொறுப்புக்கு இத்தனை பாடுபட்டுவிட்டு, மேலே கிரேவியை ஊற்றச் சொல்பவர்களுக்கு என்னிடம் மறுப்புக்கூட இல்லை.