கடைமடைக்கு வராத நட்பு

டில்லியும் கொழும்பும் நண்பர்கள் என்று சொல்லுகிறார்கள். சொல்லட்டும். நட்பு நல்ல சொல். நமக்கும் பிடித்த சொல். 2024 டிசம்பரில் இலங்கைக் குடியரசுத் தலைவர் அனுரகுமார திசாநாயக்க, பதவி ஏற்றபின் தமது முதல் வெளிநாட்டுப் பயணமாக டில்லிக்கு வந்தார். வரவேற்பு தடபுடலாக நடந்தது. 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி கொழும்புக்குப் போனார். 'மித்ர விபூஷண' என்னும் விருதை அவருக்கு அணிவித்தார்கள். பாதுகாப்பு ஒத்துழைப்புக்கு ஓர் உடன்படிக்கை. திருகோணமலையில் எரிபொருள் மையம் அமைக்க ஓர் உடன்படிக்கை. சம்பூரில் சூரிய ஒளி மின் நிலையத்துக்குத் தொடக்க விழா. கை குலுக்கினார்கள், கையெழுத்திட்டார்கள், காமிராவுக்கு முன்னே கனிவாகச் சிரித்தார்கள்.

மகிழ்ச்சி! ஆனால், அங்கே குலுங்கிய கைகளைத் தவிர வேறு கைகளும் உண்டே! கொழுந்து பறிக்கும் கை, வலை இழுக்கும் கை, கடல் கடந்து வந்து முகாமில் காலம் தள்ளும் கை — அந்தக் கைகளுக்கு இந்த நட்பால் கிடைத்தது என்ன? அதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். நட்பினால் நன்மையே விளையவில்லை என்று நாம் கூறமாட்டோம். 2022-இல் இலங்கை திவாலாகி, பெட்ரோலுக்கும் மருந்துக்கும் மக்கள் தெருவில் வரிசை நின்றபோது, இந்தியா ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியும் தந்தது. தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. 2022 ஏப்ரல் 29-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர் காக்கும் மருந்துகள் என 123 கோடி ரூபாய்ப் பொருள். முதல் கப்பல் மே 18-இல் சென்னையிலிருந்து புறப்பட்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பிரித்துப் பார்க்காமல் பசித்தவருக்கெல்லாம் என்று அனுப்பினோம். போரில் சிதைந்த வடக்கு ரயில் பாதையை இந்தியக் கடனில் சீராக்கி, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் ஓடிற்று. வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளுக்கு இந்தியா பணம் தந்தது. பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய காரியங்கள் இவை.

பின் என்ன குறை?

காவேரிப்பாக்கம் ஏரியை நினைத்துப் பாருங்கள். வாலாஜாவுக்கு அருகே பாலாற்றில் கட்டிய அணையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஏரி நிரம்பினால் கடல் போல் இருக்கும். கரையில் நின்று பார்ப்பவன் 'அப்பாடா, இந்த வருடம் கவலையில்லை' என்பான். ஆனால் கடைமடை உழவனைக் கேளுங்கள். ஏரி நிரம்பியதா என்று அவன் கேட்பதில்லை; என் வயலுக்கு வந்ததா என்றுதான் கேட்கிறான். மதகு திறக்காவிட்டால், வாய்க்கால் தூர்ந்துபோனால், ஏரியின் நிறைவு அவனுக்கு எதற்கு? நாடுகளின் நட்பும் ஓர் ஏரிதான். அதைக் கடைமடையில் நின்று அளக்க வேண்டும்.

இது நம் வட்டாரத் தொழிலாளிக்குப் புரியாத கணக்கல்ல. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஐரோப்பாவுக்குப் போயிற்று. அன்னியச் செலாவணி வந்தது. பாலாற்றங்கரைக் கிணறு கெட்டது, நிலம் உவர்ந்தது. 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தலையிட்டு, மாசுபடுத்தியவனே நட்டம் கொடு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் மறுபடி பேச வேண்டியதாயிற்று. மேலே போடும் ஒப்பந்தத்தில் இலாபம் மேலே தங்குகிறது. கழிவு கீழே வருகிறது. தோல் தொட்டியில் நின்றவனுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி, கடலுக்கு அப்பால் உள்ள கடைமடையைப் பார்ப்போம்.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். காட்டை வெட்டி, மலையைத் திருத்தி, தேயிலையை வளர்த்த தமிழ்த் தொழிலாளி ஒரே சட்டத்தில் நாடற்றவன் ஆனான். அடுத்த ஆண்டில் வாக்கும் போயிற்று. 1964 அக்டோபர் 30-இல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர்! அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகும் பார்த்தார்கள், 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாக வெட்டினார்கள்.

அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் பாத்திரம் பண்டங்களைப் பங்கிடுவார்கள், நாம் பார்த்திருக்கிறோம். இங்கே பங்கிட்டது மனிதர்களை! அவர்களுடைய சங்கத்தைக் கேட்டார்களா? மலையகத் தொழிலாளரின் தலைவர் தொண்டமான் அன்றே எதிர்த்தார், கேட்பார் இல்லை. தலைமுறை தலைமுறையாக இருந்த மண்ணை விட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கினார்கள். 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில், நீலகிரி மலையில், மறுபடி கொழுந்து பறிக்கச் சேர்ந்தவர்கள் பலர். மலை மாறிற்று, கூடை மாறவில்லை. அந்த ஒப்பந்தத்தையும் அன்றைய ஆளவந்தார்கள் 'நட்புறவின் வெற்றி' என்றே கொண்டாடினார்கள்.

அங்கேயே இருந்தவர்கள் நிலை என்ன? முழுக் குடியுரிமைக்கு வழிவிடும் சட்டம் 2003-இல்தான் வந்தது. வெள்ளைக்காரத் துரை காலத்து லயங்களில், ஒற்றை அறையில் ஒரு குடும்பமாக இன்னும் பல்லாயிரவர் வாழ்கிறார்கள். 2017 மே மாதம் பிரதமர் மோடி நோர்வூட்டில் அந்த மக்கள் முன் நின்று, முன்பே ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். கைதட்டல் மலையில் எதிரொலித்தது. அந்த 10,000 வீடுகளுக்கான வேலை 2024 பிப்ரவரியில் தொடங்கிற்று. அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் இடையே ஏறக்குறைய 7 ஆண்டு! ஏரியில் தண்ணீர் இருந்தது. வாய்க்கால்தான் தூர்ந்து கிடந்தது.

அடுத்து, கடலுக்கு வருவோம். 1974 ஜூனில் 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கைக்குப் போயிற்று. அது தகராறுக்குரிய இடம், எல்லைக் கோட்டைத் தீர்த்துக்கொண்டோம், அவ்வளவே என்றது டில்லி. அந்த ஆண்டே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, பயனில்லை. வலை உலர்த்தலாம், அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போகலாம் என்றார்கள். 1976-இல் இன்னொரு உடன்பாட்டில் மீன்பிடி உரிமையும் போயிற்று. 2024-ஆம் ஆண்டில் மட்டும் 500-க்கு மேற்பட்ட மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது. 2025 ஏப்ரல் 2-இல் சட்டமன்றம் மறுபடியும் தீர்மானம் போட்டது.

இதில் ஓர் உண்மையை மறைக்காமல் பேசுவோம். அக்கரையில் வலை இழுப்பவனும் தமிழன். போரில் படகையும் வீட்டையும் இழந்தவன். இக்கரை இழுவை மடி அவனுடைய சிறு வலையைக் கிழிக்கிறது, கடலின் அடியை வழித்துப் போகிறது என்று அவன் முறையிடுகிறான். அந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது. ஆழ்கடல் படகுக்கு மாற 2017-இல் ஒரு திட்டம் வந்தது. கடனைச் சுமக்கத் தயங்கிய மீனவர் பலர் அதில் சேரவில்லை. இரண்டு கரைத் தொழிலாளியையும் ஒரு பாயில் உட்கார வைத்து, மடிக்கு எத்தனை ஆண்டில் முடிவு, மாற்றுக்கு யார் பணம் தருவது என்று பேசித் தீர்த்தால் நட்பு வேலை செய்கிறது என்போம். அதை விட்டு ஒருவனைச் சிறையிலும், மற்றவனைக் கண்ணீரிலும் வைத்துவிட்டு விருந்து மேசையில் வாழ்த்துப் படிப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

மூன்றாவது கடைமடை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. வேலூரை அடுத்த மேல்மொணவூர் முகாமைத் தோழர்கள் அறிவார்கள். 1983 ஜூலைக் கொடுமைக்குப் பின் தமிழகம் வந்தவர்களுக்காக எழுந்த பல முகாம்களில் அது ஒன்று. 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றிற்று தமிழக அரசு. மாநிலமெங்கும் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரும் திட்டத்தை அதே ஆண்டு நவம்பர் 2-இல் மேல்மொணவூரில்தான் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கினார். 2023 செப்டம்பரில் அங்கே வீடுகள் திறக்கப்பட்டன. வீடு தர மாநிலத்தால் முடிந்தது. குடியுரிமை? அது டில்லியின் கையில். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சேர்த்தார்கள்; நண்பர் நாடான இலங்கையிலிருந்து வந்தவர்களை விட்டார்கள். 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு இல்லாத குற்றத்துக்குத் தண்டனை கிடையாதாம். நல்லது, தண்டனை நீங்கிற்று, உரிமை வந்ததா? இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணந்து பிள்ளை பெற்றவனுக்கு இன்னும் நாடு இல்லை.

"வெளிநாட்டு விவகாரம் மத்திய அரசின் அதிகாரம், மாநிலம் வாய் திறக்கலாமா?" என்று கேட்கும் அதிமேதாவிகள் உண்டு. அவர்களுக்கு மூன்று செய்திகள்.

ஒன்று: 1996 டிசம்பரில் வங்காளதேசத்தோடு கங்கை நீர் ஒப்பந்தம் செய்தபோது, மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு அதற்கு வழி அமைத்துக் கொடுத்தார். 2011-இல் தீஸ்தா ஒப்பந்தத்தை மம்தா பானர்ஜி ஏற்கவில்லை, டில்லி நிறுத்திக்கொண்டது. கல்கத்தாவைக் கேட்கலாம், சென்னையைக் கேட்கக்கூடாதா?

இரண்டு: அதே வங்காளதேசத்தோடு எல்லைத் துண்டுகளை மாற்றிக்கொள்ள 2015-இல் அரசியல் சட்டத்தையே 100-ஆவது முறை திருத்தினார்கள், நாடாளுமன்றம் கூடி வாக்களித்தது. கச்சத்தீவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

மூன்று: ஜெர்மனியைப் பாருங்கள். அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, ஒரு மாநிலத்தின் தனி நிலைமையைத் தொடும் உடன்படிக்கை எதையும் செய்யுமுன் உரிய காலத்தில் அந்த மாநிலத்தைக் கலந்துகொள் என்கிறது. ஜெர்மனி அதனால் சிதறிவிடவில்லை.

ஆகவே நாம் கேட்பது நட்பை முறிக்கச் சொல்லி அல்ல. நட்பை நிறைவேற்றச் சொல்லி. கொழும்போடு போடும் எந்த உடன்படிக்கையிலும், அது தமிழக மக்களைத் தொடுமானால், தமிழகத்தின் பிரதிநிதி மேசையருகே இருக்கவேண்டும். மலையகத்துக்கு அறிவித்த வீடு எத்தனை, கட்டியது எத்தனை, நிலப் பட்டா கைக்கு வந்தது எத்தனை என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடவேண்டும். இருகரை மீனவர் பேச்சுக்கு நாள் குறிக்கவேண்டும். இழுவை மடியை விடுபவனுக்கு முழு மாற்று உதவி தரவேண்டும். முகாமில் பிறந்த பிள்ளைக்கு முதலிலும், பிறகு விரும்பும் அனைவருக்கும் குடியுரிமை வழங்கவேண்டும்; ஊர் திரும்ப விரும்புவோருக்குத் தக்க பாதுகாப்போடு வழி திறக்கவேண்டும்.

கழகத் தோழர்களே! தெருமுனைக் கூட்டத்தில் இதை வெறும் வெளிநாட்டுச் சேதியாகப் பேசிவிடாதீர்கள். தோல் தொழிற்சாலை வாயிலில், பீடிக் கடையில், பஸ் நிலையத்தில், 9,75,000 என்ற எண்ணைச் சொல்லுங்கள். கேட்காமல் பங்குபோட்ட கதையைச் சொல்லுங்கள். 1964-இல் கேட்கவில்லை, 1974-இல் கேட்கவில்லை, 1976-இல் கேட்கவில்லை. அடுத்த ஒப்பந்தத்துக்குப் பேனாவைத் திறக்குமுன் கேட்டாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்குவது, வாக்குச் சீட்டு வைத்திருக்கும் உழைப்பாளியின் கையில் இருக்கிறது.