பெட்டியை எறிய முதல் போர்ட்டைப் பாருங்கோ

போன எபிசோட்டில விண்டோஸ் 10 பற்றிக் கதைச்ச பிறகு கன பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்கள்: "அப்பாவின்ர கம்ப்யூட்டர் விண்டோஸ் 11 எடுக்காதாம். புதுசு வாங்கிக் குடுக்கவா?" அவசரப்பட்டு வாங்காதேங்கோ. முதலில் மூடியைக் கழற்றி, உள்ளே என்ன மதர்போர்ட் இருக்கென்று பாருங்கோ.

எங்கட வீட்டிலயும் இதே கதைதான். டூங்காபியில அப்பாவின்ர மேசையில இருக்கிறது 2017இல் நான் பூட்டின டெஸ்க்டாப்: ரைசன் 5 1600, பி350 போர்ட். மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேணும். பெரும்பாலும் இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அல்லது அதுக்குப் பிறகு வந்தது வேணும். அப்பாவின்ர மெஷின் மயிரிழையில வெளியில. அவர் சொன்னார்: "தம்பி, இது ஓடுதுதானே. எதுக்குக் காசைக் கரியாக்கிறாய்?"

அவர் சொன்னதுதான் சரி. ஏஎம்4 சொக்கெட் போர்ட்டில முதல் ரைசனில இருந்து 5000 வரிசை வரைக்கும் பூட்டலாம். 300 வரிசை போர்ட்டுகளுக்கு ரைசன் 5000 வராது என்றுதான் ஏஎம்டி ஆரம்பத்தில சொன்னது. ஆட்கள் விடாமல் கேட்டதால 2022இல் பயோஸ் அப்டேட்டுக்கு வழி விட்டது. நான் பாவிச்ச ரைசன் 5 5600 ஒன்றை 120 டொலருக்கு எடுத்தன். போர்ட், ரேம், பவர் சப்ளை எல்லாம் பழையதுதான்.

இன்டெல் பக்கத்தைப் பாருங்கோ. 2017 கடைசியில 8ஆம் தலைமுறை வந்தபோது சொக்கெட்டின்ர பெயர் அதே 1151தான். ஆனால் சில மாதங்களுக்கு முதல் இசட்270 போர்ட் வாங்கினவைக்கும் அது வேலை செய்யாது. 300 வரிசை போர்ட் புதுசா வாங்கவேணும். அதனாலதான் சொல்லுறன்: ப்ரொசெஸரின்ர வேகத்தை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. இந்தச் சொக்கெட்டை இந்தக் கொம்பனி எத்தனை வருஷம் வைத்திருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. ப்ரொசெஸரை அரை மணித்தியாலத்தில மாத்தலாம். போர்ட் மாறினால் ரேமும் மாறும். ஏஎம்5 போர்ட்டுக்கு டிடிஆர்5 மட்டும்தான் சரிவரும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போறதால 2025 கடைசியில இருந்து அந்த ரேம் விலை எங்கேயோ போய்விட்டது.

உண்மையில எனக்குப் பயம் வந்தது காசில இல்லை. புது ப்ரொசெஸரைப் பூட்டி ஒன் பண்ணினதும் கறுப்புத் திரையில ஒரு எச்சரிக்கை: எஃப்டிபிஎம்மை ரீசெட் பண்ணவா? பிட்லொக்கர் இருந்தால் ரெகவரி கீ இல்லாமல் சிஸ்டம் திறக்காது. அந்த டிரைவிலதான் அப்பம்மா யாழ்ப்பாணத்தில இருந்து கதைச்ச வீடியோக்கள் இருந்தது. வேற பிரதி இல்லை. அப்பம்மாவும் இப்ப இல்லை. நல்ல காலம், அந்த டிரைவ் என்கிரிப்ட் பண்ணப்படவில்லை. ஆனால் இப்ப மைக்ரோசொஃப்ட் கணக்கோட புதுசா விண்டோஸ் 11 போட்டால், அநேகமாகத் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும். 48 இலக்கக் கீ கையில இல்லையென்றால் படங்கள் போனது போனதுதான்.

ஆகவே ஒழுங்கு இதுதான். முதலில் வெளி டிரைவில பிரதி எடுங்கோ. பிட்லொக்கர் கீயைத் தாளில எழுதி, பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கோ. போர்ட் கொம்பனியின்ர ஆதரவுப் பட்டியலில உங்கட ப்ரொசெஸர் இருக்கா என்று பாருங்கோ. பழைய ப்ரொசெஸர் இருக்கேக்கையே பயோஸை அப்டேட் பண்ணுங்கோ. பிறகு செய்யலாம் என்று விட்டால் புதுசு பூட்டினதும் திரையே வராது.

உங்கட வீட்டில இருக்கிறது இன்டெல் 7ஆம் தலைமுறை என்றால் இந்த வழி இல்லை. அப்பவும் ஓடவேண்டாம். விண்டோஸ் 10க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில பதிஞ்சால் 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் நேரம் இருக்கு. பிரவுசரும் ஈமெயிலும் மட்டும் பாவிக்கிற அப்பா அம்மாவுக்கு லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும்.

டிபிஎம்மால பாதுகாப்பு கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்லா ஓடுற மெஷினைக் குப்பை என்று தீர்மானிக்கிற உரிமையை ஒரு பட்டியலுக்குக் குடுக்கக்கூடாது. விக்டோரியாவில 2019 ஜூலை 1இல் இருந்து கம்ப்யூட்டரைக் குப்பைத் தொட்டியில போடவே ஏலாது. எங்கட அப்பாமார் உடைஞ்ச ரேடியோவையும் திருத்திப் பாவிச்ச ஆட்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரோட சனிக்கிழமை வீட்டுக்குப் போங்கோ. படங்களைப் பிரதி எடுக்கிற சாட்டில அவையோட இருந்து அதுகளைப் பார்த்திட்டும் வாங்கோ.