கேட்டுவிட்டுத் தோண்டுங்கள்!

குச்சனூரில் எண்ணெய்க் கிணறு இல்லை. சுரபி ஆற்றங்கரையில் சனீசுவரன் கோயில் உண்டு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நெல் உண்டு. நெடுவாசல் உழவரின் போராட்டத்தில் குச்சனூர் உழவருக்கு என்ன அக்கறை என்று சிலர் கேட்கிறார்கள். உண்டு என்கிறோம் நாம்.

கம்பம் பள்ளத்தாக்கு வாழ்வதே மலையைக் குடைந்ததால்தான். மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, சுரங்கம் வழியே கிழக்கே திருப்பிய பென்னிகுக்கின் அணை 1895-இல் முடிந்தது. இன்று அத்தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. ஆகவே, தோண்டுவது என்றாலே மிரளும் பத்தாம்பசலிகள் அல்லர் இம்மக்கள்! ஆயினும் பொட்டிப்புரம் மலையில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015-இல் மத்திய சர்க்கார் ஒப்புதல் தந்தபோது, எங்கள் மலைக்கும் தண்ணீருக்கும் யார் பொறுப்பு என்று கேட்டனர். 2022-இல் மாநில அரசே, அனுமதிக்க இயலாது என்று உச்சநீதிமன்றத்தில் கூறியது.

அதே கேள்வியைத்தான் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் கேட்டது. 2017 பிப்ரவரி 15-இல் டில்லி ஒப்புதல் தந்தது. மறுநாளே ஊர் திரண்டது. உறுதிமொழியை நம்பி 22-ஆம் நாள் மக்கள் கலைந்தனர். நடந்தது என்ன? மார்ச் 27-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று! ஏப்ரல் 12-இல் மீண்டும் கூடினர். 174 நாள் அமர்ந்தனர். அவர்களது அச்சம் வீணன்று என்பதை அவ்வாண்டு ஜூன் 30-இல் கதிராமங்கலம் காட்டிற்று. அங்கே குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியது. நியாயம் கேட்டவர்களுக்குக் கிடைத்தது தடியடியும் சிறையும்!

நாட்டுக்கு எண்ணெய் வேண்டாமா? வேண்டும். நமது தேவையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் எண்ணெயோடு உப்புநீரும் மேலே வரும். எண்ணெய் எங்கோ போகும். உப்பும் கசிவும் ஊரிலேயே தங்கும். தங்குவதைச் சுமக்கப் போகிறவரைக் கேட்க வேண்டாமா?

மத்திய சர்க்கார் செய்ததோ நேர்மாறு. 2020 ஜனவரி 16-இல், எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என விதியைத் திருத்தியது. அடுத்த மாதம் தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல காரியம்; ஆனால் முன்பே நடந்துவரும் பணிகளை அது தொடவில்லை. மண்டலத்துக்கு வெளியே அந்த வேலியும் இல்லை. 2025-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி தரப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே, அதைத் திரும்பப் பெறச் சொன்னது மாநில அரசு. முதலில் அனுமதி, பிறகு ஆர்ப்பாட்டம், அதன் பிறகு ஆலோசனை! இதுவா மக்களாட்சி முறை?

ஒவ்வோர் ஊரும் 174 நாள் வேலைவெட்டியை விட்டு உட்கார்ந்தால்தான் அதன் குரல் கோட்டைக்கு எட்டும் என்றால், அது ஆட்சிக்குப் பெருமையன்று. பறித்த கருத்துக் கேட்பு உரிமையைத் திருப்பித் தாருங்கள். ஊரைக் கேளுங்கள், சம்மதித்தால் தோண்டுங்கள். இன்று நெடுவாசலுக்கு இல்லாத உரிமை, நாளை குச்சனூருக்கும் இராது!