வஞ்சிரம் இருக்கான்னு கேட்காதீங்க!

கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து மீன் சாப்பிட்டா, அந்த மீன் எதிர்ல தெரியுற கடல்ல இருந்துதான் வந்திருக்கும்னு நாமளே முடிவு பண்ணிடறோம். கீத்துக் கொட்டகை, மணல்ல பிளாஸ்டிக் நாற்காலி, மேல தொங்குற ஒரு பழைய வலை, சுவத்துல நங்கூரம் படம். இவ்வளவு போதும். கடைக்காரர் பொய்யே சொல்ல வேண்டாம், அவருக்காக அலைச் சத்தம் சொல்லிடும்.

சென்னையில இருந்து மாமல்லபுரம் வரைக்கும் ஈ.சி.ஆர். ஓரமா இருக்கற இந்த மாதிரி கடைகள்ல நிறைய சாப்பிட்டாச்சு. நாக்கு கொட்டினதும் உண்டு, பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடிச்சதும் உண்டு. இதுல எனக்கு ஒரு கருத்து ரொம்ப உறுதியா நின்னுடுச்சு. எந்தக் கடையில மெனு அட்டை வருஷம் பூரா மாறாம இருக்கோ, அந்தக் கடைக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எப்படின்னு சொல்றேன்.

ஒரு மே மாசம், நண்பர்கள் நாலு பேரோட ஒரு கடற்கரைக் கடைக்குப் போனோம். பேர் வேண்டாம், ஆட்டோ வந்துடும் :-) பளபளன்னு லேமினேட் பண்ணின மெனு அட்டை. வஞ்சிரம், வவ்வால், இறால், நண்டு எல்லாத்துக்கும் எதிர்ல விலைக்குப் பதிலா "ஏ.பி.எஸ்."னு போட்டிருந்தது. சைஸைப் பொறுத்து விலையாம். எந்த சைஸ், எவ்வளவு எடைன்னு கேட்டா சர்வர் தம்பி சிரிக்கிறார். கூட வந்தவர் வஞ்சிரம்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னார். வந்தது. வெளியே குங்குமம் மாதிரி செவப்பு, உள்ளே சக்கை. எலுமிச்சம்பழம் பிழிஞ்சும் தேறலை. பில் மட்டும் ஃப்ரெஷ்ஷா இருந்தது.

இதுல ருசியை விட எனக்கு உறுத்தினது மாசம்தான். நம்ம கிழக்குக் கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். முன்னாடி 45 நாளா இருந்ததை 2017-ல 61 நாளாக்கினாங்க. மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் எல்லாம் கரையிலேயே நிக்கும். அப்படின்னா அந்த ரெண்டு மாசமும் மெனு அட்டையில இருக்கற தடி தடியான வஞ்சிரம் எங்கே இருந்து வருது? கொஞ்சம் கேரளாவுல இருந்து லாரியில வரும். அவங்க தடைக்காலம் ஜூன்லதான் ஆரம்பிக்கும். மீதி குளிர்பதனக் கிடங்குல இருந்து. எதிர்ல வங்காள விரிகுடா, தட்டுல அரபிக்கடல். இல்லாட்டி போன மாசத்துக் கடல்.

இது குத்தமான்னு கேட்டா, இல்லைங்க. ஐஸ்ல ஒழுங்கா வச்சிருந்தா தூரத்து மீனும் நல்ல மீன்தான். ஆனா அதைச் சொல்லிட்டு விக்கணும். "ஃப்ரெஷ் கேட்ச்"னு போர்டு வச்சுட்டு விக்கக் கூடாது.

மத்த அயிட்டங்களும் இதே கதைதான். கடைகள்ல வர்ற இறால்ல பெரும்பங்கு வனாமி, குளத்துல வளர்க்கறது. அதோட பூர்வீகம் லத்தீன் அமெரிக்காவோட பசிபிக் கரை. நம்ம நாட்டுல பெரிய அளவுல வளர்க்க அனுமதி கொடுத்தது 2009-ல. முள்ளே இல்லாம வெள்ளை வெளேர்னு பிள்ளைகளுக்கு வாங்கித் தர்ற "ஃபிஷ் ஃபிங்கர்" நிறைய இடத்துல பாசா. அது கடல் மீனே கிடையாது, கெளுத்தி வகை. வியட்நாம்ல மெக்காங் ஆத்துப் பக்கம் வளர்த்து, ஐஸ்கட்டியா உறைய வச்சு, கப்பல் ஏத்தி அனுப்பறாங்க. பாவம், கடல் மேலேயே வந்து கடல் ஓரமா இறங்குது, ஆனா கடல் தண்ணியில ஒரு நாளும் நீந்தினதில்லை!

வளர்ப்பு மீனை நான் மட்டமா சொல்லலை. இதே ஈ.சி.ஆர்.ல முட்டுக்காட்டுல ஆராய்ச்சி நிலையம் வச்சிருக்கற சிபா, அதாவது உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997-லயே கொடுவா மீனைப் பண்ணையில குஞ்சு பொரிக்க வச்சாங்க. பெருமைப்பட வேண்டிய வேலை. அதனால "இது பண்ணைக் கொடுவா சார், உள்ளூர்தான்"னு ஒரு கடைக்காரர் சொன்னா நான் சந்தோஷமா சாப்பிடுவேன். சொல்ல மாட்டேங்கறாங்களே, அதுதான் என் வருத்தம்.

சரி, நல்ல கடை எப்படி இருக்கும்? மாமல்லபுரத்துல ஒத்தவாடைத் தெரு பக்கம் சின்னச் சின்னக் கடைகள் இருக்கு. சிலதுல மெனுவைக் கையில கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தட்டு நிறைய பச்சை மீனை எடுத்துட்டு வந்து மேஜையில வச்சுடுவாங்க. கண்ணு கலங்காம முட்டிக்கிட்டு இருக்கா, செவுள் செவப்பா இருக்கா, விரலால அமுக்கினா சதை திரும்பி வருதான்னு நாமளே பார்க்கலாம். எடை போட்டு, பேரம் பேசி, விலை முடிஞ்ச பிறகுதான் மீன் அடுப்படிக்குப் போகும். வெள்ளைக்காரங்க வந்து போற இடமா இருக்கறதால ஆரம்ப விலை கொஞ்சம் கூடுதலாத்தான் சொல்லுவாங்க. பரவாயில்லை, சண்டை சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது இல்லையா!

அப்படி ஒரு கடையில நான் சாப்பிட்டதுல மறக்காதது சங்கராவும் கிழங்கானும். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, இஞ்சி பூண்டு, அவ்வளவுதான். கலர் பொடி கிடையாது. கிழங்கான் முழுசா மொறுமொறுன்னு வந்தது, நடுமுள்ளு மட்டும்தான் தட்டுல மிச்சம். வஞ்சிரத்துக்கு ஆகுற காசுல பாதிகூட ஆகலை.

ஒரு கடைக்காரர்கிட்ட கேட்டேன், "அண்ணே, இந்த மாதிரி மீனை ஏன் போர்டுல போட மாட்டேங்கறீங்க?" அவர் சொன்ன பதில் நியாயமானது. "சார், வர்றவங்க வண்டியை விட்டு இறங்கும்போதே வஞ்சிரம் இருக்கான்னுதான் கேக்கறாங்க. இல்லைன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க. கானாங்கெளுத்தி வாங்கி வச்சா சாயங்காலம் நான்தான் திங்கணும்."

ஆக, மெனு அட்டையை எழுதறது கடைக்காரர் இல்லை, நாமதான். நாம கேக்கற அஞ்சு பேரைத்தான் அவர் அச்சடிக்கிறார்.

இதுல அடி வாங்கறது யாருன்னு பாருங்க. அந்தக் கடைகளுக்கு ரெண்டு மூணு மைல் தூரத்துல எதோ ஒரு குப்பத்துல விடியக்காலம் ஃபைபர் போட் கரையேறும். தடைக்காலத்துலயும் கடலுக்குப் போறது இந்தச் சின்னப் படகுகள்தான். வலையில ஒரே ஜாதி மீனா வராது. காரப்பொடி, நெத்திலி, பாறைக்குட்டி, கிழங்கான், நாலு நண்டு, ரெண்டு கணவாய்னு கலந்து கட்டித்தான் வரும். பெரிய வஞ்சிரம் ஒண்ணு மாட்டினா அதுக்கு ஏலத்துல அடிச்சுக்குவாங்க. மிச்சத்தைக் கரையிலேயே கூறு கட்டி, கிடைச்ச விலைக்குத் தள்ளணும். ராத்திரி பூரா கடல்ல கிடந்தவனோட வருமானம் அந்தக் கூறுலதான் இருக்கு. அந்த மீனை மேல ரோட்டுல இருக்கற கடை வாங்கறதில்லை, ஏன்னா நாம கேக்கறதில்லை. கடற்கரையில சாப்பிட்டுட்டு, கடற்கரைக்காரனுக்கு ஒத்தப் பைசா போகாம வர்றோம்.

மீனுக்கும் இதுல பாதிப்பு இருக்கு. நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீன்கள் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பெருகும். வஞ்சிரம் பருவத்துக்கு வர நாளாகும். ஊரே அந்த ஒரு மீனைத் துரத்தினா, முட்டை போடாத குட்டி வஞ்சிரமும் துண்டாகித் தட்டுக்கு வரும். உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர்கள் சொல்ற ஒமேகா 3 கொழுப்பு மத்தியிலயும் கானாங்கெளுத்தியிலயும் தாராளமா இருக்கு. அது கூடுதல் லாபம்.

இன்னொண்ணும் போயிட்டு இருக்கு. மீனோட பேர்கள். சென்னையில வஞ்சிரம்னு சொல்றதை கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன்பாங்க. ஒவ்வொரு கரைக்கும் ஒரு பேர், ஒவ்வொரு பேருக்கும் ஒரு குழம்புப் பக்குவம். லூப் ரோட்டுல மீன் விக்கற அம்மாக்கள்கிட்ட கேட்டுப் பாருங்க. 2024-ல மாநகராட்சி கட்டிக் கொடுத்த புது அங்காடிக்குள்ள உட்கார்ந்தாலும் அவங்க வாய் மாறலை. இது வறுக்கறதுக்கு, இது புளி ஊத்த, இது பிள்ளை பெத்தவளுக்குன்னு மூச்சு விடாம சொல்லுவாங்க. பெத்தவளுக்குச் சொல்றது பால்சுறா. புட்டு பண்ணினா அமிர்தம். நம்ம பிள்ளைங்களுக்கோ தெரிஞ்சது ரெண்டே மீன். ஒண்ணு வஞ்சிரம், இன்னொண்ணு ஃபிங்கர்.

அதனால நான் சொல்ல வர்றது ரொம்பச் சின்ன விஷயம். அடுத்த தடவை கடற்கரைக் கடையில உட்கார்ந்ததும் மெனுவை மூடி வச்சுட்டு, "இன்னைக்கு என்ன வந்துச்சு?"ன்னு கேளுங்க. உடனே பதில் வந்தா நல்ல கடை. "எல்லாமே இருக்கு சார்"னு வந்தா உஷாராயிடுங்க, எல்லாமே இருக்கற கடல் கிடையாது. அடுத்தது, மீனைக் கொண்டு வந்து காட்டச் சொல்லுங்க. கடைசியா, வறுக்கறதுக்கு முன்னாடி எடையும் விலையும் கேளுங்க. இதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்லை. மார்க்கெட்ல செவுளைத் தூக்கிப் பார்க்கற நாம, ஓட்டல்ல மட்டும் ஏன் துரை மாதிரி உட்காரணும்?

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு கரும்பலகை, ஒரு சாக்பீஸ். இன்னைக்கு வந்த மீன், எந்தக் கரை, கிலோ என்ன விலை. பண்ணை மீன்னா பண்ணைன்னே எழுதுங்க. காலையில எழுதி ராத்திரி அழிச்சுடலாம். லேமினேஷன் செலவும் மிச்சம்.

டிஸ்கி: வஞ்சிரத்து மேல எனக்கு எந்த விரோதமும் இல்லை. அதுவும் கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டுமே! உங்க ஊர்க் கடற்கரையில போர்டுல இல்லாத, கேட்டாத்தான் கிடைக்கற மீன் எதுன்னு சொல்லிட்டுப் போங்க. ஊர் ஊரா ஒரு பட்டியல் போட்டுடலாம்.