கும்பகர்ணத் தூக்கம் நல்லது!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை.

கம்ப்யூட்டருக்கு 2 தூக்கம் உண்டு. 'ஸ்லீப்' என்பது கோழித் தூக்கம். அதற்கும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். அது அடியோடு நின்றால், சேமிக்காத வேலை போச்சு!

'ஹைபர்னேட்' என்பது கும்பகர்ணத் தூக்கம். பாதி வேலையை 'எஸ்.எஸ்.டி.' என்னும் சேமிப்புச் சில்லில் எழுதிவிட்டுத் தூங்கும். பிறகு மின்சாரமே வேண்டாம்.

"எழுதி எழுதிச் சில்லு தேயுமே" என்று சிலர் அஞ்சுகிறார்கள். தேய்வது உண்மைதான். ஆனால் கணக்குப் பாருங்கள். தினமும் 8 ஜி.பி. எழுதினாலும், ஆண்டுக்கு 3 ஆயிரம் ஜி.பி.தான். 1 லட்சம் ஜி.பி. தாங்கும் சில்லுகள் சாதாரணம். தேய 30 ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் கம்ப்யூட்டரே காயலான் கடைக்குப் போய்விடும்!

கடைக் கணக்கையோ, பிள்ளையின் பாடத்தையோ பாதியில் விட்டு எழுந்தால், வடசென்னைக்குக் கும்பகர்ணனே மேல்.