காலி பெஞ்சுக்கு எதுக்குங்க ஃபேன்?

திருவொற்றியூரில் நான் படித்த பள்ளியில் மதிய மணி அடித்ததும் டிபன் பாக்ஸோடு எல்லோரும் மரத்தடிக்கு ஓடிவிடுவோம். வகுப்பில் நான்கு ஃபேன் மட்டும் காலி பெஞ்சுகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும். அணைக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

பி.காம். சேர்ந்த பிறகு எதைப் பார்த்தாலும் கணக்கு போடும் வியாதி வந்துவிட்டது :-) பழைய ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். நான்குக்கு 300 வாட். சாப்பாட்டு நேரம், பி.டி. பீரியட் எல்லாம் சேர்த்து தினம் 2 மணி நேரம் சும்மா ஓடினால் 0.6 யூனிட். 30 வகுப்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள், 18 யூனிட். 200 வேலை நாளுக்கு 3,600 யூனிட்! டியூப்லைட் பக்கமே நான் இன்னும் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் இது வெறும் பில் சமாச்சாரம் இல்லை. ஒரு யூனிட் அனல்மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரியும். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். மேலே சொன்ன 3,600 யூனிட்டும் கரியிலிருந்தே வந்தால் இரண்டரை டன் கரி, 800 கிலோவுக்கு மேல் சாம்பல். 1970ல் ஓட ஆரம்பித்த எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017ல் மூடிவிட்டார்கள். ஆனால் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. அதன் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆறு என்ன ஆனது என்று எண்ணூர் மீனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு கூத்து வேறு. கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதிக்குப் பயந்து ரோட்டுப் பக்க ஜன்னலைச் சாத்திவிடுவோம். சாத்தினால் இருட்டு, பட்டப்பகலில் லைட். அப்புறம் புழுக்கம், ஃபேன் ஐந்தாம் நம்பரில்!

30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் கடைகளில் கிடைக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிளும் கட்டாயம். மாற்றினால் நல்லதுதான், ஆனால் அதற்குப் பணம் வேண்டும். அதற்கு முன்னால் காசில்லாமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது என்பது என் கட்சி. சுவிட்சைப் போடுகிறவன் பில்லைப் பார்ப்பதே இல்லை. அது நேராக ஆபீஸுக்குப் போய்விடுகிறது. அந்த பில்லை நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். போன தடவை எத்தனை யூனிட், இந்தத் தடவை எத்தனை என்று பிள்ளைகளே பார்க்கட்டும்.

இன்னொன்று, எங்கள் வகுப்பு சுவிட்ச் போர்டில் எட்டு சுவிட்ச், எது எதற்கென்று யாருக்கும் தெரியாது. ஒரு ஃபேனை அணைக்க மூன்று லைட்டை அணைத்துப் போடணும். அதனாலேயே யாரும் கை வைக்க மாட்டோம். ஒவ்வொன்றின் மேலும் எண் எழுத ஒரு சின்ன டப்பா பெயின்ட் போதும். ஹெச்.எம். அனுமதி கொடுத்தால் பெயின்ட் என் செலவு. ஒரு சனிக்கிழமை கூட வர யார் ரெடி?